ஒரே வகுப்பில் சேர்த்தால் மாற்றுத்திறனாளி மாணவர்களின் படிப்பு உண்மையிலேயே கூடுகிறதா?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளியில் தனியாக நடந்துவந்த சிறப்பு வகுப்பை வரும் கல்வியாண்டிலிருந்து கலைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளை அவரவர் வயதுக்கேற்ற பொது வகுப்பில் சேர்க்கப் போகிறார்கள். என் வகுப்புக்கு மூன்று பேர். ஒரு பெண்ணுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துக்கூட்டி வாசிப்பதில் சிரமம். வாய் ஓயாமல் கதை பேசுவாள், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். ஒரு பையனுக்கு ஆட்டிசம். இன்னொரு பையன் இரண்டு காதிலும் காதுக்கருவி போட்டிருக்கிறான்.

ஆசிரியர் அறையில் இப்போது இரண்டு கட்சி. ஒரு கட்சி, "சேர்த்துப் படிக்க வைத்தால் மதிப்பெண் தானாகவே ஏறும், ஆராய்ச்சியே சொல்கிறது" என்கிறது. இன்னொரு கட்சி, "அங்கே ஏழெட்டுப் பேருக்கு ஒரு டீச்சர் இருந்தார், இங்கே கூட்டத்தில் தொலைந்துபோவார்கள்" என்கிறது. இரண்டு பக்கமும் அடித்துப் பேசுகிறார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டால் தெரிந்த ஒரு பிள்ளையின் கதை வருகிறது.

உரிமை விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. அந்தப் பிள்ளைகளும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான், எங்கே உட்கார வேண்டும் என்பதை மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. நண்பர்கள் கிடைப்பார்கள், மற்ற பிள்ளைகளும் பழகக் கற்றுக்கொள்வார்கள், அதுவும் சரி. ஆனால் நான் கேட்பது படிப்பை மட்டும். ஆண்டு முடிவில் அந்தப் பெண் இன்றைக்கு வாசிப்பதைவிட நன்றாக வாசிப்பாளா, அந்தப் பையன்களுக்கு பின்னம் புரியுமா? இதற்கு நேர்மையான பதில் யாரிடமாவது இருக்கிறதா? "ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனி மலர்" வகைப் பதில் தயவுசெய்து வேண்டாம், அது பயிற்சி வகுப்பிலேயே நிறையக் கிடைத்துவிட்டது.

ஓரமேசை எழுதியது:

டீச்சர், உங்கள் இரண்டு கட்சிக்கும் சாதகமாக ஆய்வு இருக்கிறது, சிக்கலே அதுதான். நான் சிறப்பாசிரியர். தனி வகுப்பு, ரிசோர்ஸ் ரூம் (பொது வகுப்புப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் மட்டும் வந்து உதவி பெறும் அறை), பொது வகுப்புக்குள்ளேயே துணைக்கு நிற்பது என்று மூன்று விதமாகவும் வேலை பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த "ஆராய்ச்சியே சொல்கிறது" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1975ல் வந்த சட்டம் (இப்போது ஐடியா என்ற பெயரில் இருப்பது) இந்தப் பிள்ளைகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்றது. அதன் பிறகு பெரிய பெரிய புள்ளிவிவரங்களை வைத்து, பொது வகுப்பில் அதிக நேரம் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் அதிகம் எடுத்திருக்கிறார்கள் என்று வரிசையாக ஆய்வுகள் வந்தன. எடுத்தது உண்மை. ஆனால் யாரைப் பொது வகுப்பில் அதிக நேரம் விட்டார்கள்? ஏற்கெனவே ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களை, குறைபாடு லேசாக இருந்தவர்களை, விடாமல் பள்ளிக்கு வந்து கேட்ட பெற்றோரின் பிள்ளைகளை. திணறியவர்களைத் தனி வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் மதிப்பெண் அதிகமாக இருக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வகுப்பு மதிப்பெண்ணை ஏற்றியதா, மதிப்பெண்தான் வகுப்பைத் தீர்மானித்ததா என்பது அந்த எண்களில் தெரியாது. டக்ளஸ் ஃபுக்ஸ் மாதிரியான ஆய்வாளர்கள் வருடக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கோளாறை முடிந்தவரை கழித்துவிட்டுப் பார்த்தது 2022ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது, கேம்பெல் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்டது. ஒப்பீடு ஒழுங்காகச் செய்த ஆய்வுகளை மட்டும் வடிகட்டி எடுத்தார்கள், கடைசியில் கணக்கில் சேர்க்கத் தேறியது கொஞ்சம்தான். விடை: சேர்த்து வைப்பதால் வாசிப்பிலோ கணக்கிலோ சராசரியாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனநலம், பழகும் திறன் ஆகியவற்றிலும் அதே கதைதான். உங்கள் முதல் கட்சிக்கு இது ஏமாற்றம், இரண்டாம் கட்சிக்கும்தான், ஏனென்றால் "தொலைந்துபோவார்கள்" என்பதும் சராசரியில் நடக்கவில்லை.

ஆனால் சராசரி பூஜ்யம் என்றால் எல்லோருக்கும் பூஜ்யம் என்று அர்த்தம் இல்லை. சிலர் நன்றாக முன்னேறி, சிலர் சறுக்கினாலும் சராசரி பூஜ்யம்தான் வரும். அந்தத் தொகுப்பாய்வைச் செய்தவர்களே இதைத்தான் எழுதினார்கள்: சிலருக்குப் பொது வகுப்பு உதவலாம், சிலருக்குத் தனி வகுப்பு உதவலாம். அப்படியானால் இடத்தைத் தவிர வேறு ஏதோதான் வேலை செய்கிறது.

அது என்ன என்பதற்கு டெக்சாஸ் ஒரு நல்ல உதாரணம். 2004 வாக்கில் அந்த மாநிலம், சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் மொத்தத்தில் 8.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிற மாதிரி ஒரு இலக்கு வைத்தது. மாவட்டங்கள் பிள்ளைகளைப் பட்டியலிலிருந்து எடுக்க ஆரம்பித்தன. எடுக்கப்பட்டவர்களில் நிறைய பேர் லேசான குறைபாடு உள்ளவர்கள், பெரும்பாலான நேரம் பொது வகுப்பிலேயே இருந்தவர்கள். போனது துணை மட்டும்தான். பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, அப்படித் துணையை இழந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதும் கல்லூரி சேர்வதும் குறைந்திருந்தது.

உங்கள் டிஸ்லெக்ஸியா மாணவிக்கு இதை அப்படியே பொருத்துங்கள். நல்ல வகுப்பில், நல்ல பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதால் எழுத்துக்கூட்டி வாசிப்பது வந்துவிடாது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாக, வரிசைப்படி, திரும்பத் திரும்ப, இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவில் யாராவது தினமும் சொல்லித்தர வேண்டும். அது எந்த அறையில் நடக்கிறது என்பது அடுத்த கேள்வி. நடக்கிறதா என்பதுதான் முதலில் நீங்கள் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது. தனி வகுப்பைக் கலைக்கிறார்கள் சரி, அங்கே இருந்த ஆசிரியர் எங்கே போகிறார்?

வாசல்படி எழுதியது:

ஓரமேசை சார் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார்.

என் மகனுக்குக் கற்றல் குறைபாடு, கூடவே கவனக்குறைவும் உண்டு. அவனைத் தனி வகுப்பில்தான் முதலில் போட்டார்கள். அங்கே யாரும் அவனைத் திட்டவில்லை, அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வருடா வருடம் அதே இரண்டு இலக்கக் கூட்டல், அதே பழம் காய்கறிப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவது. அறிவியல் என்ற ஒரு பாடமே கிடையாது! அவன் வயதுப் பிள்ளைகள் மின்சுற்று, செரிமானம் என்று படித்துக்கொண்டிருக்கும்போது இவன் ஆப்பிளுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தான். கேட்டால் "அவனால் முடிந்த அளவுக்குத்தான் தர முடியும் மேடம்" என்பார்கள். முடிந்த அளவு என்ன என்று யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள் என்றால் பதில் இல்லை.

பொது வகுப்புக்கு மாறிய பிறகு அவன் முதல் மாணவனாகிவிடவில்லை, அந்தக் கதையெல்லாம் நான் சொல்ல வரவில்லை. இன்னமும் எழுதுவது கஷ்டம்தான். ஆனால் அறிவியலை வாயால் கேட்டால் சொல்கிறான், ஏனென்றால் யாரோ அதை அவனுக்கு நடத்தியிருக்கிறார்கள். நடத்தாத பாடத்தை எந்தப் பிள்ளையும் படிக்க முடியாது. தனி வகுப்பில் எட்டுப் பேருக்கு ஒரு டீச்சர் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், அந்த டீச்சர் என்ன பாடம் நடத்துகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பழையமணி எழுதியது:

வாசல்படி அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதே ஆப்பிள் பொது வகுப்புக்குள்ளேயும் வரும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாற்பது பிள்ளைகள் வகுத்தல் போட்டுக்கொண்டிருப்பார்கள், கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை உதவியாளரோடு உட்கார்ந்து வேறொரு தாளை நிரப்பிக்கொண்டிருக்கும். பதிவேட்டில் அதற்குப் பெயர் உள்ளடக்கிய கல்வி.

கரும்பலகை டீச்சர், உங்களுக்கு உதவியாளர் ஒருவரைத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் அவரை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் உஷாராக இருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் சில ஆண்டுகள் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது, சுமார் 8,200 மாணவர்கள், தலைமை தாங்கியவர் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு. துணை ஊழியர் எவ்வளவு கூடுதலாக உதவுகிறாரோ அவ்வளவு முன்னேற்றம் இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? தலைகீழாக வந்தது. உதவியாளரோடு அதிக நேரம் இருந்த பிள்ளைகள் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். "அவர்கள் ஏற்கெனவே பின்தங்கியவர்கள், அதனால்தான்" என்று சொல்லத் தோன்றும். முன்பு எடுத்த மதிப்பெண், சிறப்புத் தேவையின் அளவு இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகும் அதே முடிவுதான்.

காரணம் உதவியாளர்கள் மோசம் என்பதல்ல. அவர்களுக்குப் பயிற்சி இல்லை, ஆசிரியரோடு உட்கார்ந்து திட்டமிட நேரம் இல்லை, பாடம் என்னவென்று பாடவேளை ஆரம்பித்த பிறகுதான் தெரியும். அதனால் எப்படியாவது வேலையை முடிக்க வைப்பதில் குறியாக இருப்பார்கள். பிள்ளை திணறினால் விடையைச் சொல்லிவிடுவார்கள். தாள் நிரம்பிவிடும், மண்டைக்குள் ஒன்றும் போயிருக்காது. இதைவிட மோசமானது, உதவியாளர் வந்துவிட்டார் என்றதும் வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். வகுப்பிலேயே அதிகமாகக் கற்பித்தல் தேவைப்படும் பிள்ளைக்கு, அந்த அறையில் குறைவாகப் பயிற்சி பெற்றவர்தான் டீச்சர். இந்த அநியாயத்தை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை.

நான் செய்வது இதுதான். உதவியாளரை மற்ற பிள்ளைகளின் மேசைகளைச் சுற்றிவரச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு மூன்று பேர் பக்கத்தில் நான் போய் உட்காருவேன். தினமும் எல்லாப் பாடவேளையிலும் முடியாது. கணக்குக்கும் வாசிப்புக்கும் கட்டாயம்.

விரல்மொழி எழுதியது:

காதுக்கருவி போட்ட அந்தப் பையனைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன், நானும் செவித்திறன் குறைபாட்டோடு பொதுப் பள்ளியில் படித்தவன்.

காதுக்கருவி கண்ணாடி மாதிரி இல்லை டீச்சர். கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகிவிடும். காதுக்கருவி போட்டால் உங்கள் குரலும் பெரிதாகும், நாற்காலி இழுக்கிற சத்தமும் பெரிதாகும், மின்விசிறியும் பெரிதாகும். பின்னணி இரைச்சலைவிட ஆசிரியர் குரல் குறைந்தது 15 டெசிபல் தூக்கலாக இருக்க வேண்டும் என்பார்கள் ஒலியியல்காரர்கள், சாதாரண வகுப்பறையில் அது கிடைப்பது அபூர்வம். தடுப்பு ஏதுமில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். வகுப்பறையில் அதோடு சுவர் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். அதனால் அவனை முன்வரிசையில் உட்கார வைப்பதோடு வேலை முடிந்துவிடாது, ஏனென்றால் நீங்கள் நடப்பீர்கள், திரும்புவீர்கள், பின்வரிசைப் பிள்ளை பதில் சொல்லும். பின்வரிசை சொன்ன பதில் எனக்குப் பள்ளிக்காலம் முழுக்கக் கிடைத்ததே இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

நீங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மைக் ஒன்று இருக்கிறது, எஃப்எம் கருவி என்பார்கள், இப்போது புளூடூத்திலும் வருகிறது. உங்கள் குரல் நேராக அவன் கருவிக்குப் போகும். அதைக் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரைக்கும் செலவில்லாத வேலைகள் சில உண்டு: கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், மற்ற பிள்ளை சொன்ன பதிலை நீங்கள் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். வெளிச்சம் பின்னால் இருந்தால் உதடு தெரியாது.

இன்னொன்று, இது சிலருக்குப் பிடிக்காது. சைகை மொழியில் வளர்கிற குழந்தைக்கு, சைகை தெரிந்த ஒரே ஆள் மொழிபெயர்ப்பாளர்தான் என்கிற பொது வகுப்பு என்பது உலகத்திலேயே தனிமையான இடம். படிப்பிலும் நஷ்டம்தான். நீங்கள் வரைபடத்தைக் காட்டிக்கொண்டே விளக்குவீர்கள், மற்றவர்களுக்குக் காது ஒன்றைக் கேட்கும், கண் ஒன்றைப் பார்க்கும். அந்தக் குழந்தைக்கு இரண்டுக்கும் கண்தான். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தால் வரைபடம் போச்சு. சைகை கூடாது, பேச்சுதான் வேண்டும் என்று 1880ல் மிலான் மாநாட்டில் கேட்கும் திறனுள்ளவர்கள் கூடித் தீர்மானித்து, தலைமுறை தலைமுறையாக எங்கள் படிப்பைக் கெடுத்தார்கள், அதனால் "எல்லோரும் ஒரே அறையில்" என்று யாராவது பொதுவாகச் சொன்னாலே எனக்கு உதறும். ஐநா 2006ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு உள்ளடக்கிய கல்வியை உரிமை என்கிறது, அதே பிரிவுதான் கேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்குப் படிப்பும் பழக்கமும் அதிகபட்சம் வளரக்கூடிய சூழலில், அவர்களுக்கு ஏற்ற மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் படிக்கிறவர்கள்தான் அதிகம்.

கரும்பலகை எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. விரல்மொழி, பதிலைத் திரும்பச் சொல்வது, ஜன்னல் பக்கம் நிற்காதது இரண்டையும் நாளைக்கே பழக ஆரம்பிக்கிறேன். ஓரமேசை சார், அந்தச் சிறப்பாசிரியர் பள்ளியிலேயேதான் இருக்கிறார், ஆனால் ஆறு வகுப்புக்கும் அவர் ஒருவர்தானாம்.

இன்னும் இரண்டு கேள்வி. மற்ற பெற்றோரிடமிருந்து இப்போதே முணுமுணுப்பு வருகிறது, "எங்கள் பிள்ளைகளின் படிப்பு பாதிக்குமா" என்று. அவர்களுக்கு என்ன சொல்வது? இரண்டாவது, மதிப்பெண்ணை வைத்து இவர்களின் முன்னேற்றத்தைப் பார்ப்பதில் எனக்கே நம்பிக்கை குறைகிறது. அந்தப் பெண்ணுக்கு அரையாண்டில் 18 வந்து முழு ஆண்டில் 22 வந்தால் அது முன்னேற்றமா, வினாத்தாள் எளிதா, யாருக்குத் தெரியும்? வேறு எப்படி அளக்கிறீர்கள்?

பழையமணி எழுதியது:

பெற்றோர் கேள்விக்கு என் பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் பொய்யும் சொல்ல வேண்டாம். போலந்து ஆய்வாளர்கள் 2017ல் 47 ஆய்வுகளைத் திரட்டினார்கள், மொத்தம் கிட்டத்தட்ட 48 லட்சம் மாணவர்கள். உள்ளடக்கிய வகுப்பில் படித்த, சிறப்புத் தேவை இல்லாத பிள்ளைகளின் படிப்பு பாதிக்கப்படவில்லை, மிகச் சிறிய அளவில் கூடியே இருந்தது. சிறிய அளவு என்பதை அழுத்திச் சொல்லுங்கள், "உங்கள் பிள்ளைக்கும் லாபம்" என்று விற்காதீர்கள்.

பொய் சொல்ல வேண்டாம் என்றது எதற்கென்றால், கடுமையான உணர்ச்சிக் கொந்தளிப்பு உள்ள பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், சின்ன வகுப்புகளில் மற்றவர்களின் வாசிப்பும் கணக்கும் கொஞ்சம் குறைகிறது என்று காட்டும் அமெரிக்க ஆய்வும் உண்டு. அந்தப் பெற்றோர் அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதற்குப் பதில் பிள்ளையை வெளியே அனுப்புவதல்ல, துணையைக் கேட்டு வாங்குவது. அந்தப் பெற்றோரையே கூட்டத்தில் அதைக் கேட்க வையுங்களேன், நாம் கேட்பதைவிட வேகமாக நடக்கும்!

ஓரமேசை எழுதியது:

அளவிடுவதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ 1970களின் கடைசியிலிருந்து உருவாக்கியது. அந்தப் பெண்ணின் நிலைக்கு ஏற்ற, அவள் முன்பு பார்க்காத ஒரு பத்தியை எடுங்கள். ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சரியாக வாசித்த சொற்களை மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, அதே கடினத்தில் வேறு பத்தி. கட்டத்தாளில் புள்ளி வையுங்கள். ஆரம்பப் புள்ளியிலிருந்து ஆண்டு இறுதி இலக்குக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் போதும், புள்ளிகள் கோட்டுக்கு மேலே போகின்றனவா கீழே போகின்றனவா என்று அவளுக்கே தெரியும்.

தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால், கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். பிள்ளையைத் திட்டுவதோ "அவள் அளவு இவ்வளவுதான்" என்று கோட்டைத் தாழ்த்துவதோ இல்லை. குழுவைச் சின்னதாக்கலாம், நேரத்தைக் கூட்டலாம், எழுத்து வரிசையில் இரண்டு படி பின்னால் போகலாம். வாசல்படி மேடம் கேட்ட "யார் அளந்தார்கள்" என்பதற்கு இந்தத் தாள்தான் பதில். எந்த அறையில் உட்கார்ந்தால் அவள் முன்னேறுகிறாள் என்ற உங்கள் ஆசிரியர் அறைச் சண்டைக்கும் இது பதில் சொல்லும், உலகத்துக்கு இல்லாவிட்டாலும் அந்த ஒரு பெண்ணுக்காவது.

ஆட்டிசம் உள்ள பையனுக்கு மட்டும் இது ஏமாற்றலாம். சிலர் கடகடவென்று வாசித்துவிடுவார்கள், சொல் எண்ணிக்கை பிரமாதமாக வரும். "அவன் ஏன் குடையை எடுத்துக்கொண்டு போனான்?" என்று கேட்டால், மழை என்று பத்தியில் எழுதியிருக்கவில்லை என்றால் முழிப்பார்கள். அவனுக்குச் சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வதை அளக்க வேண்டும், கற்பிக்கவும் வேண்டும். கணக்கிலும் அதே இடத்தில்தான் சிக்குவான், எண் கணக்கு சுலபம், வார்த்தைக் கணக்கு வராது.

ஆறுபுள்ளி எழுதியது:

தாமதமாக வருகிறேன். எனக்குப் பார்வை இல்லை. ஆரம்ப வகுப்புகள் பார்வையற்றோர் பள்ளியில், அப்புறம் பொதுப் பள்ளி, பட்டம் கணிதத்தில்.

எல்லோரும் இதுவா அதுவா என்று பேசுகிறீர்கள். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. பிரெய்லும் மணிச்சட்டமும் சிறப்புப் பள்ளியில் கற்றது, தினமும், பிரெய்ல் விரல் நுனியில் இருக்கிறவர்களிடம். பிரெய்ல் தெரியாத பொதுப் பள்ளியில் நேராகப் போட்டிருந்தால் நான் காதால் மட்டும் படித்திருப்பேன், காதால் இயற்கணிதம் படிக்க முடியாது. ஆனால் அங்கேயே இருந்திருந்தால் மேல்வகுப்புக் கணிதம் கிடைத்திருக்காது, பார்வையற்றவனுக்குக் கணிதம் எதற்கு என்பது அங்கேயும் இருந்த எண்ணம்தான். நெமத் குறியீடு என்று கணிதத்துக்கான பிரெய்லை உருவாக்கிய ஆப்ரகாம் நெமத்தே பார்வையற்ற கணிதப் பேராசிரியர், ஆரம்பத்தில் அவரையும் கணிதம் வேண்டாம் என்று உளவியல் பக்கம் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

பொதுப் பள்ளியில் ஒரு கணித ஆசிரியர் இருந்தார். கரும்பலகையில், "இதை இந்தப் பக்கம் கொண்டுவந்து, அதால் வகுத்தால், இது வரும்" என்பார். இது, அது, இந்தப் பக்கம். எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் வந்தவர் எழுதுவதை எல்லாம் வாயாலும் சொல்வார்: "மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து, சமம், இருபது, இரண்டு பக்கமும் ஐந்தைக் கழிக்கிறோம்." எனக்காக ஆரம்பித்தார், ஆனால் பின்வரிசையில் இருந்த பாதிப் பேருக்கு அப்போதுதான் கணக்கே புரிந்தது என்று அவர்களே சொன்னார்கள். அதே பள்ளி, அதே அறை, அதே நான்.

கரும்பலகை டீச்சர், ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கூடுதல் நேரம், பெரிய எழுத்து, வினாவை வாசித்துக்காட்டுவது எல்லாம் வழியை மாற்றுவது, பாடம் அதேதான். "உனக்கு இந்த அத்தியாயம் வேண்டாம்" என்பது பாடத்தையே வெட்டுவது. முதலாவதைத் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாவதை யாராவது கருணையாகப் பேசினால் எழுத்தில் கேளுங்கள், எதற்காக, எத்தனை நாளைக்கு, யார் முடிவு செய்தார்கள் என்று. எனக்கு வடிவியலை "சிரமமாக இருக்கும்" என்று வெட்டினார்கள். கல்லூரி முதலாண்டில் அதை நானாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

கரும்பலகை எழுதியது:

ஆறுபுள்ளி சார், நான் ஒரு நாளைக்கு எத்தனை "இது, அது" சொல்கிறேன் என்று இன்றைக்குக் கவனித்தேன். சொல்லாமலே இருக்கிறேன், மானம் போகும்.

தலைமையாசிரியரிடம் மூன்று கேட்கப் போகிறேன். சிறப்பாசிரியர் வாசிப்புப் பாடவேளையில் தினமும் என் வகுப்புக்கு வர வேண்டும். ஆறு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்பார், அப்படியானால் வாசிப்புப் பாடவேளையை வகுப்புக்கு வகுப்பு மாற்றிப் போடச் சொல்வேன். எஃப்எம் கருவி. அப்புறம் நானும் சிறப்பாசிரியரும் சேர்ந்து திட்டமிட வாரத்தில் ஒரு பாடவேளை. ஒரு சந்தேகம் மட்டும்: அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து எழுத்து சொல்லித்தரும் அரை மணி நேரம் எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது? விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

ஓரமேசை எழுதியது:

விளையாட்டைத் தொடாதீர்கள், ஓவியத்தையும். அவள் வகுப்பில் மற்றவர்களுக்குச் சமமாக நிற்கிற இடங்கள் அவைதான். கணக்கிலிருந்தும் எடுக்காதீர்கள், ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை விழும். உங்கள் வகுப்பில் மற்ற பிள்ளைகள் அமைதியாகப் புத்தகம் வாசிக்கும் நேரம் ஒன்று இருக்குமே, அவள் வாசிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு பக்கத்தைத் திருப்பும் நேரம், அதை எடுங்கள். வகுப்பின் ஓரத்திலேயே ஒரு மேசை போட்டால் அந்த அரை மணிக்கு அவள் எங்கேயும் எழுந்து போக வேண்டியதில்லை. வாசிப்பில் திணறுகிற, எந்தச் சான்றிதழும் இல்லாத இரண்டு பேர் உங்கள் வகுப்பில் ஏற்கெனவே இருப்பார்கள், அவர்களையும் அந்த மேசைக்குக் கூப்பிடுங்கள். சிறப்பாசிரியர் முதல் நாளே அவளுக்கு எந்தெந்த எழுத்துச் சேர்க்கை தடுக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்துவிடட்டும், கட்டத்தாளில் முதல் புள்ளியையும் அன்றைக்கே வைத்துவிடுங்கள்.